முதல் அடி யாருடையது? கிருபையும் மனித விருப்பமும்

பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்பது ஒன்று. அடுத்த வரியிலேயே, "ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்கிறார். பிரயாசப்பட வேண்டியது நாம். அந்தப் பிரயாசத்துக்கான விருப்பத்தையே நமக்குள் உண்டாக்குகிறவர் கடவுள். சரி, அப்படியானால் இரட்சிப்பு யாருடைய வேலை?

வேதாகமத்தின் மற்ற பக்கங்களைப் புரட்டினாலும் இதே நிலைதான். உபாகமத்தில் மோசே, ஜீவனையும் மரணத்தையும் மக்கள் முன்னால் வைத்து, ஜீவனைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார். தெரிந்துகொள்ளும் திறன் இல்லாதவர்களிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்து வாசற்படியில் நின்று தட்டுகிறார். திறக்க வேண்டியது உள்ளே இருப்பவர். ஆனால் யோவான் சுவிசேஷத்தில் அதே கிறிஸ்து, "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்கிறார். ரோமர் 9-ல் பவுல் இன்னும் கறாராக, "விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்" என்று முடித்துவிடுகிறார்.

ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பிரசங்கம் செய்துவிடலாம். இரண்டு வரிசையையும் கையில் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் கடினம். 1,600 ஆண்டுகளாகத் திருச்சபை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிருபை, அதாவது கத்தோலிக்கர் அருள் என்று சொல்வது, நாம் சம்பாதிக்காமல் கடவுள் தாமாக முன்வந்து தரும் தயவு. சுயசித்தம் என்பது தானே தெரிந்தெடுக்கும் மனிதனின் திறன். எந்த வேலைக்குப் போவது, யாரைக் கல்யாணம் செய்வது என்ற தினப்படி முடிவுகளில் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்பது இந்த விவாதத்தின் மையம் இல்லை. பாவத்தில் இருக்கும் மனிதன் கடவுள் பக்கம் திரும்புகிறானே, அந்தத் திருப்பம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

ரோமாபுரியில் கோபப்பட்ட துறவி

பெலாஜியஸ் பிரிட்டனிலிருந்து வந்தவர். 4ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ரோமில் ஆன்மிக ஆசிரியராக மதிக்கப்பட்டார். கிறிஸ்தவம் அரச மதமாகிவிட்ட காலம் அது. பதவிக்காகவும் அந்தஸ்துக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம். பழைய வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு "மனித பலவீனம், என்ன செய்வது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல். அந்த எரிச்சலில் நியாயம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அவரை வெறும் வில்லனாக்கிவிட்டார்கள். அது அவருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் தன் வாழ்க்கைக் கதையை ஒரு நீண்ட ஜெபமாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு உமக்குப் பிரியமானதைக் கட்டளையிடும். ரோமில் ஓர் ஆயர் இந்த வரியை எடுத்துச் சொன்னபோது பெலாஜியஸுக்குத் தாங்கவில்லை. கிட்டத்தட்ட சண்டைக்கே போய்விட்டாராம். இதை எழுதிவைத்திருப்பவர் அகுஸ்தீனேதான். பெலாஜியஸின் பார்வையில் அந்த வரி சோம்பேறிகளுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு. கட்டளையிட்டவரே நிறைவேற்றியும் தர வேண்டுமென்றால், நான் எதற்கு?

அவருடைய வாதம் நேரானது. கடவுள் நீதியுள்ளவர். முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று தண்டிக்க மாட்டார். ஆகவே அவர் கட்டளையிட்டதெல்லாம் நம்மால் முடிந்ததே. பெலாஜியஸ் கிருபையை மறுத்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுச் சரியில்லை. தெரிந்தெடுக்கும் திறனோடு கடவுள் நம்மைப் படைத்தது கிருபை, நியாயப்பிரமாணத்தைத் தந்தது கிருபை, கிறிஸ்துவின் முன்மாதிரி கிருபை, பாவமன்னிப்பு கிருபை என்றெல்லாம் அவர் ஒத்துக்கொண்டார். அவர் ஏற்காதது ஒன்றே ஒன்று: மனிதனின் விருப்பத்துக்குள்ளேயே கடவுள் கை வைத்து அதைத் திருப்ப வேண்டும் என்பது. வெளியிலிருந்து வழிகாட்டினால் போதும், நடக்க நமக்குக் கால் இருக்கிறது என்பது அவர் நிலை.

அகுஸ்தீனால் இதை ஏற்க முடியவில்லை. அவருடைய காரணம் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. பதினாறு வயதில் நண்பர்களோடு ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசிக்காகத் திருடவில்லை. அதைவிட நல்ல காய் தன்னிடமே இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் போட்டார்கள். தப்பு செய்வதே பிடித்திருந்தது, அவ்வளவுதான். பெரியவரான பிறகு, 386-ல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் மனமாற்றத்தின் விளிம்பில் நின்றபோது இன்னொன்றைக் கவனித்தார். கையை அசை என்று மனம் சொன்னால் கை உடனே அசைகிறது. ஆனால் "நீ இதை விரும்பு" என்று மனம் தனக்கே சொன்னால் மனம் கேட்பதில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் ரோமர் 7-ல் அழுவதை அவர் தன் உடம்பிலேயே உணர்ந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. மனிதனுக்குச் சித்தமே இல்லை, அவன் ஒரு பொம்மை என்று அகுஸ்தீன் சொல்லவில்லை. பாவி தனக்கு விருப்பமானதைத்தான் செய்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. சிக்கல் என்னவென்றால், வேறொன்றை விரும்ப அவனால் முடியவில்லை. எதை நேசிக்கிறோமோ அதற்கு நம் சித்தம் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. நேசம் மாறினால்தான் சித்தம் மாறும். பிதா "இழுத்துக்கொள்ளுதல்" என்பதை விளக்கும் பிரசங்கத்தில் அவர் சொல்வார்: பசுந்தழையைக் காட்டினால் ஆடு பின்னால் வருகிறது, பருப்புக் கொட்டைகளைக் காட்டினால் சிறுவன் ஓடி வருகிறான்; கயிறு கட்டி இழுப்பதில்லை, ஆசை இழுக்கிறது. கிருபை மனிதனின் கையைப் பிடித்து முறுக்குவதில்லை. முன்பு கசந்ததை இப்போது இனிக்கச் செய்கிறது. அப்புறம் மனிதன் தானாகவே, முழு மனதோடு வருகிறான்.

ஒரு பெண்ணுக்கு வந்த கடிதம்

இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை மிக நெருக்கமாகக் காட்டுவது ஒரு கடிதம். 410-ல் அலாரிக் தலைமையில் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோமைச் சூறையாடினார்கள். பெரிய குடும்பங்கள் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு ஓடின. அவற்றில் ஒன்று அனிசியா வம்சம். அந்த வீட்டுச் சின்னப் பெண் தெமெத்ரியாஸ், திருமணத்தை விட்டுவிட்டுக் கன்னி வாழ்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதாக அறிவித்தாள். ஊரே பேசியது. அவளுக்கு ஆலோசனை எழுதித் தரும்படி அவள் தாய் யூலியானா அந்தக் காலத்துப் பெரிய ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். ஜெரோம் எழுதினார், பெலாஜியஸும் எழுதினார்.

பெலாஜியஸின் கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஓர் இளம் பெண்ணை அவர் மதிக்கும் விதம் அழகாகவே இருக்கிறது. உன் குலப்பெருமையும் செல்வமும் உன் குடும்பத்தால் வந்தவை, ஆனால் ஆவிக்குரிய செல்வத்தை உன்னைத் தவிர வேறு யாரும் உனக்குத் தர முடியாது. அது உன்னிடமிருந்தே வர முடியும், உன்னிடத்திலேயே இருக்க முடியும் என்கிறார். படிப்பவருக்கு முதுகெலும்பு நிமிரும்.

சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதம் அகுஸ்தீன் கைக்கு வந்தது. அவரும் அவருடைய நண்பர் அலிபியுஸும் சேர்ந்து தாய் யூலியானாவுக்கு எழுதினார்கள். "உன்னிடத்திலேயே இருக்க முடியும்" என்பது நல்ல உணவு, "உன்னிடமிருந்தே வர முடியும்" என்பது விஷம் என்று அந்த ஒரு வாக்கியத்தையே இரண்டாகப் பிளந்து காட்டினார்கள். நன்மை அந்தப் பெண்ணுடையதுதான். அவள் மனதில், அவள் சித்தத்தில் இருக்கிறது. ஆனால் அதன் ஊற்று அவள் இல்லை. ஊற்றும் அவளே என்றால் அவள் யாருக்கு நன்றி சொல்வாள்?

அகுஸ்தீன் பல ஆயிரம் பக்கங்கள் எழுதினார். என்னைக் கேட்டால், முதல்முறை படிப்பவர்கள் இந்த ஒரு வாக்கியப் பிரிவைப் புரிந்துகொண்டாலே போதும் என்பேன்.

சபையின் தீர்ப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 415-ல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். 418-ல் ஆப்பிரிக்க ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் அவருடைய போதனையைத் தப்பறை, அதாவது விசுவாசத்துக்கு விரோதமான போதனை, என்றது. முதலில் தயங்கிய போப் சோசிமஸும் அதே ஆண்டில் கண்டித்தார். 431-ல் எபேசு பொதுச்சங்கம் பெலாஜியஸின் சீடர் செலஸ்தியுஸின் கருத்துகளைத் தள்ளியது.

வென்ற பிறகு வந்த சங்கடம்

பெலாஜியஸ் தோற்றார், அத்தோடு விஷயம் முடியவில்லை. விருப்பத்தையே கடவுள்தான் தருகிறார் என்றால், அடுத்த கேள்வி தானாகவே வந்து நிற்கும்: ஏன் எல்லாருக்கும் தரவில்லை?

இன்றைய துனிசியாவில் இருந்த ஹத்ருமேத்தும் மடத்தில் 426-427 வாக்கில் துறவிகளுக்குள் கலகம். அகுஸ்தீனின் கடிதம் ஒன்றைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டார்கள்: எல்லாம் கிருபை என்றால் மடாதிபதி எங்களை ஏன் திட்டுகிறார்? எங்களுக்காக ஜெபம் செய்துவிட்டுச் சும்மா இருக்கலாமே? எல்லாம் கிருபை என்று கேட்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது. அகுஸ்தீன் இதற்காகவே இரண்டு நூல்கள் எழுதினார். அவர் பதிலின் சாரம்: கண்டிப்பும் அறிவுரையும் கிருபை வேலை செய்யும் வழிகளே. விதைத்தால் முளைக்க வைப்பவர் கடவுள் என்பதற்காக யாரும் விதைக்காமல் இருப்பதில்லை.

பிரான்ஸின் தென்கரையில், மார்சேய் பக்கத்து மடங்களில் வேறு விதமான தயக்கம் இருந்தது. அங்கே ஜான் காசியன் ஒரு கவனமான கருத்தை வைத்தார். சுவிசேஷத்தில் எல்லாரும் ஒரே மாதிரி வரவில்லையே என்றார். மத்தேயுவையும் பவுலையும் கிறிஸ்து வலிய அழைத்தார். அவர்கள் தேடிப் போகவில்லை. ஆனால் இயேசுவைப் பார்க்கச் சகேயு தானாகவே மரத்தில் ஏறிக்கொண்டான், சிலுவையில் தொங்கிய கள்ளன் தன்னை நினைத்தருளும்படி தானாகவே கேட்டான். ஆகவே சில நேரம் முதல் அடி கடவுளுடையது, சில நேரம் மனிதனின் சின்ன விருப்பம் முந்திக்கொள்கிறது, கடவுள் அதைப் பிடித்து வளர்க்கிறார். மனிதர்களை அருகிலிருந்து கவனித்தவர் காசியன் என்பது படிக்கும்போதே தெரியும்.

529-ல் ஓரான்ஜ் நகரத்தில், ஆர்ல் நகர ஆயர் செசேரியுஸ் தலைமையில் கூடிய சங்கம் இதற்கு முடிவு சொன்னது. சின்ன விருப்பமும்கூடக் கிருபையால் வந்ததே. விசுவாசத்தின் தொடக்கம், நம்ப வேண்டும் என்ற ஏக்கம், எல்லாமே. சகேயுவை மரத்தில் ஏறச் செய்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதே அவர்கள் கேள்வியாக இருந்திருக்கும். அதே மூச்சில் சங்கம் இன்னொன்றையும் சொன்னது: சிலரைத் தீமைக்கென்றே கடவுள் முன்குறித்தார் என்று யாராவது சொன்னால் அதை வெறுத்துத் தள்ளுகிறோம். நன்மை கடவுளிடமிருந்து, தீமை மனிதனிடமிருந்து.

இந்தக் கணக்கு சமமாக இல்லை என்று உடனே தோன்றும். "ஆம்" என்றால் கடவுளுக்குப் புகழ், "இல்லை" என்றால் மனிதனுக்குப் பழியா? தர்க்கமாகப் பார்த்தால் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் சபைகளில் சாட்சி சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கர்த்தர் என்னை இழுத்துக்கொண்டார்" என்பார்கள். வழி தவறிய காலத்தைச் சொல்லும்போது "நான்தான் விட்டுப் போனேன்" என்பார்கள். "நான் புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்தேன்" என்று ஒருவரும் சொல்வதில்லை; "கடவுள்தான் என்னைக் கெடுத்தார்" என்று சொல்பவரும் இல்லை. கல்லாத பாட்டி சொல்லும் சாட்சியிலும் ஓரான்ஜ் சங்கத்தின் தீர்ப்பு இருக்கிறது. இந்தச் சமமின்மையை ஒரு குறை என்று நான் பார்க்கவில்லை. நன்றியும் மனந்திரும்புதலும் ஒரே நெஞ்சில் இருக்க வேண்டுமென்றால் கணக்கு இப்படித்தான் இருக்க முடியும்.

கிழக்கத்தியத் திருச்சபைகள் இந்தச் சண்டையில் அதிகம் இறங்கவில்லை. கிரேக்கத் தந்தையர் கடவுளும் மனிதனும் இணைந்து உழைப்பதைப் பற்றிப் பேசினார்கள். அதில் இரண்டு பங்கும் சமம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் முதல் அடியை அளந்து பார்க்கும் அவசரமும் அவர்களுக்கு இல்லை.

ஆப்பிளும் குதிரையும்

ஆயிரம் ஆண்டு தாண்டி 16ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1524-ல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் சுயசித்தத்துக்கு ஆதரவாக ஒரு சிறு நூல் எழுதினார். 1525-ன் கடைசியில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சித்தம் அடிமைப்பட்டிருக்கிறது என்று பதில் நூல் எழுதினார். அதில் எதிராளிக்கு அவர் ஒரு பாராட்டும் வைத்தார்: மற்றவர்கள் போப், உத்தரிக்கிற ஸ்தலம், பாவமன்னிப்புச் சீட்டு என்று சில்லறை விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கையில், நீர் ஒருவர்தான் நேராகக் குரல்வளையைப் பிடித்தீர்.

எராஸ்மஸ் சொல்லும் உதாரணம் இது. நடக்கத் தெரியாத குழந்தை விழுந்துவிடுகிறது. அப்பா தூக்கி நிறுத்தி, கொஞ்ச தூரத்தில் ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தைக்கு ஓடிப்போக ஆசை, கால் வலுவில்லை. அப்பா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஆப்பிளைக் கையில் கொடுக்கிறார். அப்பா இல்லாமல் குழந்தை எழுந்திருக்கவே முடியாது, ஆப்பிளைப் பார்த்திருக்கவும் முடியாது. இருந்தாலும் குழந்தை ஏதோ கொஞ்சம் செய்தது. அந்தக் "கொஞ்சம்" போதும் என்றார் எராஸ்மஸ். அகுஸ்தீனின் பருப்புக் கொட்டையும் இந்த ஆப்பிளும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு: அகுஸ்தீனிடம் அந்த ஆசையையே தூண்டியது கடவுள், எராஸ்மஸிடம் ஆசையின் ஒரு துளி குழந்தையின் சொந்தக் கணக்கில் நிற்கிறது.

லூத்தர் கேட்பது, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று. பாவத்தில் மரித்தவனுக்கு ஆப்பிளைக் காட்டி என்ன பயன்? மனித சித்தம் சவாரிக்கான மிருகம் போன்றது. கடவுள் ஏறினால் அவர் போகும் இடத்துக்குப் போகும், சாத்தான் ஏறினால் அவன் போகும் இடத்துக்குப் போகும். யார் ஏறுவது என்பதை மிருகம் முடிவு செய்வதில்லை என்றார். வீடு, பணம் போன்ற கீழான காரியங்களில் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்பதை அவரும் ஏற்றார். கடவுளை நோக்கிய திசையில் இல்லை, அவ்வளவே.

லூத்தரின் இந்தக் கடுமைக்குப் பின்னால் பயம் இருக்கிறது. துறவியாக இருந்தபோது, நான் செய்தது போதுமா போதுமா என்று தன்னையே வதைத்துக்கொண்டவர் அவர். என் இரட்சிப்பில் ஒரு நூலிழை என் கையில் இருந்தாலும் அந்த இழை அறுந்துபோகுமோ என்று வாழ்நாள் முழுக்க நடுங்குவேன். முழுவதும் கடவுள் கையில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதே அவருடைய மனநிலை. குடியை விட முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் "மனசு வைத்தால் முடியும்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தவர்களுக்கு லூத்தரின் பயம் புரியும். அவர் ஏற்கெனவே நூறு முறை மனசு வைத்துவிட்டார். அவருக்குத் தேவை, அவர் மனசு வைப்பதற்கு முன்பே அவரைத் தேடி வரும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி.

இங்கே புராட்டஸ்டண்ட் சபைகளில் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர் நற்கிரியையால் இரட்சிப்பைத் தொடங்குகிறார்கள் என்று சொல்வார்கள். 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட தீர்மானம் அப்படிச் சொல்லவில்லை. தொடக்கம், மனிதனின் எந்தத் தகுதியையும் பார்க்காமல் முந்திவரும் கிருபையிலிருந்தே என்று தெளிவாக இருக்கிறது. லூத்தரோடு முரண்படும் இடம் வேறு: கடவுளால் தூண்டப்பட்ட சித்தம் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் முடியும் என்கிறது திரெந்து. ஆக, "யார் தொடங்குவது" என்பதில் இரு தரப்பும் அகுஸ்தீனின் பிள்ளைகள். "தொடங்கிய பின் மறுக்கலாமா" என்பதில்தான் பிரிகிறார்கள்.

அப்படி இசைவது எப்படி என்று கத்தோலிக்கர்களுக்குள்ளேயே பெரிய மோதல். 1588-ல் இயேசு சபையின் லூயி தெ மோலினா, எந்தச் சூழ்நிலையில் யார் எப்படி முடிவெடுப்பார் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அதற்கேற்பக் கிருபையைத் தருகிறார் என்றார். தோமினிக்கன் சபையினர், கடவுளின் கிருபை தன்னிலேயே பலிக்கும் வல்லமையுள்ளது, மனிதனின் முடிவை எதிர்பார்த்து நிற்பதில்லை என்றார்கள். ரோமில் வருடக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607-ல் போப் ஐந்தாம் பவுல், ஒருவரை ஒருவர் தப்பறைக்காரர் என்று அழைக்கக் கூடாது, தீர்ப்பை ஏற்ற நேரத்தில் சொல்கிறேன் என்று இருதரப்பையும் அனுப்பிவிட்டார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

ஒரே சபையில் இரண்டு வம்சம்

சீர்திருத்தவாதி கால்வினுடைய பெயர் வந்தாலே முன்குறித்தல், அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற போதனை, நினைவுக்கு வரும். அவர் வழி வந்த நெதர்லாந்து சபையில் யாக்கோபு ஆர்மீனியஸ் என்ற பேராசிரியர் கேள்விகள் எழுப்பினார். 1609-ல் அவர் இறந்த பிறகு, அவரைப் பின்பற்றியவர்கள் 1610-ல் ஐந்து அம்சங்களை எழுதிக் கொடுத்தார்கள். அதில் கிருபைதான் எல்லா நன்மைக்கும் தொடக்கம், வளர்ச்சி, நிறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கிருபையை எதிர்த்து நிற்க முடியும் என்றும், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். 1618-19-ல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சங்கம் இதைத் தள்ளியது. அந்தச் சங்கமும்கூட, கடவுள் மனிதர்களைக் கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, உயிர்ப்பித்துக் குணமாக்குகிறார் என்று சொல்லத் தவறவில்லை. கால்வின் வழியினர் மனிதனைப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று பேசுபவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும். அரசியலும் கலந்துவிட்டதால் சங்கம் முடிந்த அதே மே மாதத்தில், ஆர்மீனியஸ் தரப்பை ஆதரித்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை வெட்டப்பட்டது. கிருபையைப் பற்றிய விவாதத்துக்கு இப்படி ஒரு முடிவு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி ஆர்மீனியஸின் பக்கம் நின்றார். முந்திவரும் கிருபை ஓரளவு எல்லா மனிதருக்கும் தரப்பட்டிருக்கிறது. அதனால்தான் யாராக இருந்தாலும் அழைப்புக்குப் பதில் சொல்ல முடிகிறது என்பது அவர் போதனை. நெருங்கிய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். முன்குறித்தலை எதிர்த்த வெஸ்லியின் பிரசங்கம் அச்சான பிறகு, 1740-ல் விட்ஃபீல்ட் பகிரங்கமாகக் கடிதம் எழுதி மறுத்தார். நட்பில் விரிசல் விழுந்தது, பிறகு ஒட்டியது. 1770-ல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

இந்த இரண்டு வம்சமும் தமிழ்நாட்டில் ஒரே கூரைக்குக் கீழே வந்தது பலர் கவனிக்காத விஷயம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கர், வெஸ்லி வழி மெத்தடிஸ்டுகள், கால்வின் மரபில் வந்த பிரஸ்பிட்டீரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகள் எல்லாரும் ஒரு சபையாயினர். இன்று ஒரே பீடத்திலிருந்து ஒரு வாரம் "கதவைத் திற" என்றும் அடுத்த வாரம் "அவர் உன்னை முன்குறித்தார்" என்றும் கேட்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது, பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் தங்கள் இரட்சிப்புக்கு முழுக்க முழுக்கக் கிருபையையே சார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நாங்கள் "ஒத்துழைப்பு" என்று சொல்லும் இசைவும் கிருபையின் விளைவே என்றது கத்தோலிக்கத் தரப்பு. மனிதன் பெற்றுக்கொள்பவன் மட்டுமே என்று நாங்கள் சொன்னாலும், அவன் முழு ஆளாக விசுவாசத்தில் ஈடுபடுகிறான் என்பதை மறுக்கவில்லை என்றது லூத்தரன் தரப்பு. 2006-ல் மெத்தடிஸ்டுகளும் இந்த அறிக்கையோடு இணைந்தார்கள். தெமெத்ரியாஸுக்கு வந்த வாக்கியத்தை அகுஸ்தீன் பிளந்த விதத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த உடன்பாடு ஆச்சரியமாக இருக்காது.

தீராமல் இருப்பது ஹத்ருமேத்தும் காலத்துக் கேள்விதான்: ஏன் எல்லாருக்கும் இல்லை? "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்" என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். இதில் "எல்லாரும்" என்பதற்கு எல்லா வகை மனிதரும், அதாவது ராஜாக்களும் ஏழைகளும், படித்தவரும் படிக்காதவரும் என்று அகுஸ்தீன் பொருள் சொன்னார். கால்வினும் அதையே எடுத்துக்கொண்டார். சற்று முன்னால் பவுல் ராஜாக்களைக் குறிப்பிடுவது அவர்களுக்கு ஆதாரம். கிருபையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அகுஸ்தீன் கற்றுத் தந்தது. ஆனாலும் இந்த இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. அந்த அதிகாரத்தின் முதல் வரியில் பவுல் எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பமும் ஜெபமும் செய்யச் சொல்கிறார். ஜெபம் செய்யும்போது நான் வகைக்கு ஒருவராகப் பொறுக்கி எடுப்பதில்லை. பெயர் தெரிந்தவருக்காகவும் தெரியாதவருக்காகவும் கேட்கிறேன். கேட்கச் சொன்னவர் எனக்குக் கொடுத்த பட்டியலில் விட்டுப்போன பெயர் எதுவும் இல்லை.